அக்கா அழுகிற இடம் வரை

அஜக்ஸ், கனடா
ஒக்ரோபர் 14, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் அட்சயாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது, வாய்தான் இல்லை. நீயும் கோல்வேயில் நல்ல சுகத்துடன் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.

என் கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நான் இவ்வளவு நீளமாக ஒரு கடிதம் எழுதி இருபத்தெட்டு வருஷமாகிறது. கடைசியாக எழுதியது ஊரில் இருந்த ஐயாவுக்கு, அதாவது உன் அம்மப்பாவுக்கு. பதினான்கு மாதமாக உனக்கு நான் அனுப்பியது வெள்ளிக்கிழமைகளில் ஓர் அம்மன் படம் மட்டும்தான் என்பது எனக்கே தெரியும். போனில் சொல்லலாம் என்று மூன்று தரம் எடுத்து வைத்துவிட்டேன். சாப்பிட்டாச்சோ என்று நீ கேட்பாய், நான் என்ன சமைத்தேன் என்று சொல்லுவேன், அதோடு கதை முடிந்துவிடும்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வரும் திங்கட்கிழமை நீ கிலார்னியில் சத்தியம் செய்து அயர்லாந்துப் பிரஜையாவதற்கு முன் அது உனக்குத் தெரிய வேண்டும். உன் நாடகம் இங்கே ஓடி முடிவதற்கு முன்னும் தெரிய வேண்டும். உன் நாடகத்தை இங்கே இயக்கிய நோரீன் நாளைக்கு அயர்லாந்துக்கு விமானம் ஏறுகிறார். இதைத் தபாலில் விடாமல் உன் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார். எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

போன வருஷம் அங்கத்தைய பத்திரிகையில் நீ உன்னை ஐரிஷ் எழுத்தாளர் என்று சொன்னதை, பிறம்ரனில் இருக்கிற உன் பெரியம்மா வட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்தார். நான் உடனே உனக்குப் போன் எடுத்து, அப்படியென்றால் நீ எங்கள் பிள்ளை இல்லையோ என்று கேட்டேன். ஒரு நாட்டைப் போட்டுவிட்டு வந்தோம், இன்னொரு நாடு எங்களைத் தூக்கி வைத்துக்கொண்டது, உனக்கு மூன்றாவதும் வேண்டுமோ என்றும் கேட்டேன். ஒன்றைக் கழித்துத்தான் மற்றது வர வேண்டும் என்றில்லை அம்மா என்றாய். நான் போனை வைத்தேன். அதற்குப் பிறகு வைத்தது வைத்ததுதான். வீம்புக்கு என்னை மிஞ்ச ஆளில்லை என்று அப்பா சொல்லுவது சும்மா இல்லை.

போன மாதம் அப்பாவின் வட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் வந்தது. நகரத்தில் ஒரு நாடகக் குழுவுக்குப் பழைய வீடியோ டெக் ஒன்று தேவையாம், ஓடக்கூடியதாக இருக்க வேண்டுமாம். அது உன் நாடகத்துக்குத்தான் என்று அப்பாவுக்கு வாசித்தவுடனேயே விளங்கிவிட்டது. எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. மனிதர் பேஸ்மென்றுக்குப் போய், துணி சுற்றி வைத்திருந்த டெக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, உள்ளே இருந்த தூசியை என்னுடைய மேக்கப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார். உனக்கு நினைவிருக்கும், ஊர்க் கசற்றும் கனடாக் கசற்றும் இரண்டும் ஓடுகிற டெக் எங்கள் அப்பாட்மென்றிலேயே அது ஒன்றுதான். அந்தப் பெருமையை அவர் இன்னும் விடவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போகிறோம் என்று சொல்லி என்னைக் காரில் ஏற்றினார். கார் போய் நின்றது டன்ஃபோர்த் பக்கம் ஒரு பழைய தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில். விஷயம் தெரிந்ததும் நான் இறங்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன். அவர் டெக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே போய், தான்தான் எழுத்தாளருடைய தகப்பன் என்று வாசலிலேயே அறிமுகம் செய்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா, அறுபது வயதிருக்கும், கையில் இரண்டு கோப்பையோடு வெளியே வந்து காரின் மற்றப் பக்கக் கதவைத் திறந்து எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். அதுதான் நோரீன். பால் விட்டு, நல்ல சாயம் பிடித்த தேத்தண்ணி. ஒரு வெள்ளைக்காரர் போட்ட தேத்தண்ணியை நான் கடைசிச் சொட்டுவரை குடித்தது அன்றைக்குத்தான். அந்தச் சனமும் எங்களைப் போலத் தேத்தண்ணிக்குச் சாகிற சனம் என்பதை நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை?

நான் வந்த கோபத்தில் என் சண்டையை அவருக்கே சொன்னேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், ஆனாலும் அவர் ஒன்றையும் தவறவிடவில்லை. தர்க்கம் செய்யவும் இல்லை. தன் கதையைச் சொன்னார். அவர் அயர்லாந்தின் மேயோவில் இருந்து எண்பத்தாறில் இங்கே வந்தவராம். சில வருஷத்தில் கனடாப் பிரஜையானபோது எங்களைப் போல ராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கை தூக்கிச் சத்தியம் செய்திருக்கிறார். நாங்கள் அந்தச் சொல்லை யோசித்ததே இல்லை, மண்டபத்தில் எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் சொல்லிவிட்டு வெளியே வந்து படம் எடுத்தோம். அவருடைய தாய்க்கு அது பெரிய துரோகமாகப் பட்டிருக்கிறது. இங்கிலாந்து ராணிக்கா சத்தியம் செய்தாய் என்று மூன்று கிழமை போனுக்கே வரவில்லையாம். பிறகு ஒரு பார்சல் வந்ததாம். உள்ளே கம்பளிக் காலுறை, வெளியே விலாசத்தில் அவருடைய பெயருக்கு முன்னால் "கனடாச் சீமாட்டி" என்று எழுதியிருந்ததாம். அந்தத் தாய் மூன்று கிழமையில் இறங்கிவிட்டார், நான் பதினான்கு மாதம் இருந்திருக்கிறேன் என்று நினைக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காரை விட்டு இறங்கினேன்.

உள்ளே போனால், நாடகத்தில் என்னை நடிக்கிற பிள்ளை துர்க்காவுக்குச் சேலை உடுத்தி, பக்கத்தில் குத்துவிளக்கும் கொளுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐயாவின் செத்தவீடு கேள்விப்பட்ட துடக்கு வீட்டில் யார் விளக்குக் கொளுத்துவது என்று கேட்டேன். தொண்ணூற்றேழில் ஸ்காபரோ அப்பாட்மென்றில் யார் சேலையோடு இருந்தது? வீட்டுச் சட்டைக்கு மேலே அப்பாவின் சுவெற்றர், காலுக்கு இரண்டு சோடி சொக்ஸ், அதுதான் நான். நோரீன் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி, அன்றைக்கே விளக்கைத் தூக்கிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் ஒரு ஒத்திகையையும் விடவில்லை. கோவிலுக்குப் போகிற மாதிரிக் குளித்து முழுகிப் போனேன். துர்க்கா இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் இடறும், ஆனால் நான் சோபாவில் எப்படிக் காலை மடித்து இருப்பேன் என்பதை ஒரே நாளில் பிடித்துவிட்டாள். உன்னை நடிக்கிற ஸ்டெபனி ரூஜ் பகுதியில் இருந்து வருகிற பல்கலைக்கழகப் பிள்ளை. இருபத்தொரு வயது, ஏழு வயது மாதிரி நடக்கிறாள். அவர்களுக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐரிஷ் பக்கத்து நடிகர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள்.

நாடகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். போன வருஷம் நீ அனுப்பிய பிரதியை நான் திறக்கவே இல்லை. மேடையின் ஒரு பக்கம் நூற்றிமுப்பது வருஷத்துக்கு முந்திய ஐரிஷ் வீடு. நாளைக்கு மகள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறப்போகிறாள், இனித் திரும்பமாட்டாள், ஆகவே உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செத்தவீடு மாதிரிச் சனம் கூடி இருந்து சாப்பிட்டு, ஆடி, அழுது அனுப்புகிறார்கள். அப்படி ஒரு வழக்கம் அங்கே உண்மையாகவே இருந்தது என்று நோரீன் சொன்னார். மற்றப் பக்கம் எங்கள் அப்பாட்மென்ற், எங்கள் சோபா, எங்கள் டெக். போக முடியாத செத்தவீட்டை நாங்கள் கசற்றில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிவில் அந்த ஐரிஷ்த் தாய் மேடையின் நடுக்கோட்டைத் தாண்டி வந்து, ஒன்றும் பேசாமல் துர்க்காவின் பக்கத்தில் சோபாவில் இருக்கிறார். அந்த இடத்தில் நான் ஒவ்வொரு ஒத்திகையிலும் அழுதேன். என்னை வைத்து நீ ஊருக்குக் கதை சொல்கிறாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நீயோ எனக்குப் பக்கத்தில் ஒரு மனுஷியைக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறாய். இந்த நன்றியை நான் உனக்கு எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை.

அந்த நாட்டைப் பற்றியும் நோரீன் நிறையச் சொன்னார். தன் காலத்தில் அது வெளியே போகிறவர்களின் நாடாக இருந்ததாம். நாடகம் எழுதினால் பாதிரியார், மழை, குடி, வீட்டில் காத்திருக்கிற தாய். சொல்லக் கூடாத விஷயங்களைச் சொல்லாமல் வைத்திருந்து சனம் நன்றாக வதைபட்டுவிட்டது, வாய் திறந்து கொஞ்சக் காலம்தான் என்றார். இப்போது நைஜீரியாக்காரரின் பிள்ளையும் போலந்துக்காரரின் பிள்ளையும் அங்கே கதை எழுதுகிறார்களாம். தான் பள்ளிக்கூடத்தில் வேண்டாவெறுப்பாகப் படித்த ஐரிஷ் மொழியில் இளசுகள் மேடையேறிப் பாடுகின்றனவாம். இது எப்படி ஐரிஷ் நாடகம் என்று முணுமுணுக்கிறவர்களும் இருக்கிறார்களாம், அதையும் அவர் மறைக்கவில்லை. டப்ளினில் எங்கள் நிறத்து ஆட்களைத் தெருவில் வைத்து அடித்ததைச் செய்தியில் பார்த்தேன் பிள்ளை. இருட்டினால் தனியே நடந்து திரியாதே. பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் பஞ்சிப்பட்டு நடக்கிற ஆள் நீ. போனில் சார்ஜ் வைத்துக்கொள்.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

நாடகம் தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முதல், அந்தப் பிள்ளை சனிக்கிழமை காலை கசற்றை மாறி வைக்கிற கட்டத்தை ஒத்திகை பார்த்தார்கள். நீ எழுதியிருப்பது அப்படியே எங்கள் வீட்டில் நடந்ததுதான். தமிழ் வகுப்புக்குப் போகிற அவசரத்தில், கார்ட்டூனைப் பதிவு செய்வதற்குத் தன் கசற்றை வைப்பதாக நினைத்து, அம்மப்பாவின் செத்தவீட்டுக் கசற்றை வைத்துப் பொத்தானை அமத்துகிறது பிள்ளை. ஸ்டெபனி அமத்தினாள். டெக் பதியவில்லை, கசற்றை வெளியே தள்ளியது. இன்னொரு தரம் அமத்தினாள், இன்னொரு தரம் தள்ளியது. டெக் பழுது என்று நோரீன் சொல்ல, அப்பாவுக்கு ரோஷம் வந்து மேடையில் ஏறிவிட்டார். மேடைக்கு அவர் கொடுத்திருந்ததும் ஒரு பழைய கலியாணவீட்டுக் கசற்தான். முக்கியமான கசற் என்றால் அதன் மூலையில் இருக்கிற சின்னப் பிளாஸ்ரிக்கை உடைத்துவிடுவார்கள், பிறகு அதன் மேல் ஒன்றும் பதிய முடியாது, பதிய வேண்டுமென்றால் அந்த ஓட்டையில் செலோரேப் ஒட்ட வேண்டும் என்று பாடம் நடத்தினார். கசற்றையே காணாத பிள்ளைகள், ஆவென்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். மாமனாரின் செத்தவீட்டுக் கசற் வந்த அன்றைக்கே தான் குறட்டால் உடைத்துவிட்டதாகப் பெருமையும் பேசினார். துர்க்காதான் கேட்டாள்.

"அங்கிள், அப்ப பிள்ளை மாறி வைச்சிருந்தால் டெக் துப்பியெல்லோ இருக்கும்? ஆர் செலோரேப் ஒட்டினது?"

அப்பா முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தி, கையில் இருந்த கசற்றைப் பார்த்தார். பிறகு நான் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். நோரீன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, நாடகத்துக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்று ஒத்திகையைத் தொடர்ந்தார். வீட்டுக்கு வரும்போது 401 நெடுஞ்சாலையில் அப்பா பாட்டுப் போடவில்லை. எங்கள் எக்ஸிற்றையும் விட்டுவிட்டார். அடுத்த ஊரான விற்பியும் தாண்டிய பிறகுதான் கேட்டார்.

"அப்ப, நீர்தானே வதனா?"

ஓம் என்றேன்.

அட்சயா, அது நீ இல்லை. நீ உன்னுடைய கசற்றைத்தான் சரியாக வைத்துவிட்டுப் போனாய். வெளியே எடுத்தது நான், ஐயாவின் கசற்றை உள்ளே வைத்ததும் நான். மூலையில் செலோரேப் ஒட்டி, பொத்தானை அமத்தி, நீயும் அப்பாவும் தமிழ் வகுப்பால் வரும்வரை அந்தக் கார்ட்டூன் பதிவாகிறதைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். அகதி வழக்கு முடியாததால் நான் ஐயாவின் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை, அது உனக்குத் தெரியும். கசற் வந்த பிறகு ஒவ்வொரு சனி, ஞாயிறும் எங்கள் வீட்டில் சனம். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வீடியோவைப் போடச் சொல்லுவார்கள். போடாமல் விட்டால் அதற்கும் கதை. யார் மாலை போட்டது, யார் வரவில்லை, பந்தலுக்கு யார் செலவு என்று பார்த்துப் பார்த்துக் கதைப்பார்கள். ஒரு இடத்தில் ஊரில் இருக்கிற என் பெரியக்கா கமெராவை நேரே பார்த்து, "கனடாவிலை இருக்கிற என்ரை தங்கச்சி, ஐயான்ரை முகத்தைப் பாக்க உனக்கு வழியில்லாமல் போச்சேடி" என்று நெஞ்சில் அடித்து அழுவா. அந்த இடம் வரும்போது வந்தவர்கள் எல்லாரும் ரீவீயை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அழுதால் எழும்பி வந்து கட்டிப்பிடிப்பார்கள், பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். பத்து, பன்னிரண்டு தரம் அழுதேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கண்ணீர் வரவில்லை. வதனாவுக்குப் பழகிவிட்டது என்று ஒருவர் மற்றவரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த சனிக்கிழமைதான் அதைச் செய்தேன்.

உன்னை மாட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அதை நம்பு. அழிய வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். பின்னேரம் பிறம்ரனில் இருந்து பெரியம்மா ஆட்கள் வந்து கசற்றைப் போட, செத்தவீட்டுக்குப் பதிலாகப் பூனையும் எலியும் ஓடியது. எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நான் என்ரை கசற்றைத்தான் வைச்சனான் என்று ஒரே ஒரு தரம் சொன்னாய். ஆளுக்கு ஆள் கேட்கக் கேட்க உனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் ரீவீக்கு முன்னால் போய் நின்று அம்மப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாய். நான் குசினிக் கதவடியில் நின்றேன். இரண்டு எட்டு வைத்து வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு அது ஒரு பகிடியாகி, பிறந்தநாள் வீடு, கலியாண வீடு எல்லாவற்றிலும் உனக்குச் செத்தவீட்டை அழித்தவள் என்று பட்டம் வைத்தார்கள். நீ சிரித்துக்கொண்டு நின்றாய், நானும் சிரித்தேன். நீ ஏன் இவ்வளவு தூரத்தில் போய் இருக்கிறாய் என்று நான் ஐரிஷ்காரரோடு கோபித்திருக்கிறேன். அவர்களிடம் கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது? நான் கொடுக்காத இடத்தை அவர்கள் உனக்குக் கொடுத்தார்கள்.

போன வியாழக்கிழமை நாடகம் தொடங்கியது. மண்டபம் நிறைந்துவிட்டது, பாதி அவர்கள், பாதி எங்கள் சனம். கடைசியில் மேடையில் எல்லாரும் போன பிறகு ஸ்டெபனி தனியே ரீவீயின் முன்னால் நின்று, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மப்பா" என்று தமிழில் சொல்ல, விளக்கு அணைந்தது. சனம் எழும்பி நின்று கை தட்டியது. எனக்கு எழும்ப முடியவில்லை. இருபத்தெட்டு வருஷமாக நீ இந்த வசனத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நேற்று இங்கே தாங்ஸ்கிவிங் விடுமுறை, நாடகம் இல்லை. அப்பா நோரீனிடம் கேட்டு டெக்கை ஒரு நாளுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பேஸ்மென்றில் இருந்து ஐயாவின் கசற்றையும் எடுத்துவந்தார். அதை அவர் எறியவில்லை. மூலையில் என் செலோரேப் மஞ்சளாகி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பட்டனை அமத்திக்கொண்டே, தமிழ் வகுப்பு இரண்டரை மணித்தியாலம், கசற் மூன்று மணித்தியாலம் என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. கார்ட்டூனை ஓடவிட்டு, ஓடவிட்டுப் போனால், கடைசியில் ஒரு கறுப்பு, ஒரு கோடு, பிறகு அழியாமல் மிஞ்சிய எங்கள் ஊர் வீட்டு முற்றம். அந்த வீடியோவை நான் ஒருநாளும் முடிவு வரை பார்த்ததில்லை. வந்தவர்களும் அக்கா அழுகிற இடம் வரைதான் பார்ப்பார்கள்.

ஐயாவைத் தூக்குவதற்கு முதல் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துச் சுற்றி வருகிறார்கள். பெரியக்கா ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்தத்தைக் கொடுக்கிறா. கொடுத்து முடிந்த பிறகு திரும்பி யாரிடமோ, "அட்சயான்ரையையும் கொண்டாங்கோ" என்கிறா. ஒரு பந்தம் வருகிறது. பக்கத்து வீட்டுச் சின்னப் பெட்டை ஒன்றைக் கூப்பிட்டு, உன் பெயரைச் சொல்லி அவளிடம் கொடுக்கிறா. அந்தப் பிள்ளை உனக்காகப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் சுற்றி வருகிறது. நானும் அப்பாவும் அந்த இடத்தை நாலு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அக்கா என்னைத் திட்டினா என்று இவ்வளவு காலமும் நான் அவவோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இன்றைக்குக் காலையில் போன் எடுத்து அரை மணித்தியாலம் கதைத்தேன். அவவும் அழுதா, நானும் அழுதேன், இந்த முறை பார்க்க ஒருவரும் இல்லை.

அப்பா எனக்கு ஒன்றும் ஏசவில்லை. அவளுக்கு நீர் சொல்லும் என்று மட்டும் சொன்னார். உனக்கு இப்படி ஒரு தகப்பன் கிடைத்ததற்கும், எனக்கு இப்படி ஒரு மனிதர் வாய்த்ததற்கும் நான் நேற்றைக்குத்தான் ஒழுங்காக நன்றி சொன்னேன். நோரீனுக்கும் சொன்னேன், ஏன் என்று அவருக்குத் தெரியாது. தேத்தண்ணிக்கு என்று நினைத்திருப்பார். இந்தக் கதையை உனக்கு முதல் வேறு யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசித்த பிறகு நீ யாருக்கும் சொல்லலாம். பிறம்ரன் பெரியம்மாவுக்கு நானே சொல்லுகிறேன், வட்ஸ்அப் வேலையை அவர் பார்த்துக்கொள்ளுவார்.

திங்கட்கிழமை நல்லபடியாகப் போய்ச் சத்தியம் செய்துவிட்டு வா, பிள்ளை. நோரீனிடம் ஒரு நீலச் சேலை கொடுத்துவிடுகிறேன், விருப்பமென்றால் உடுத்து, மழையென்றால் விடு. ஐரிஷ் எழுத்தாளர் என்று யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்லு. எங்கள் பிள்ளை என்பது அதனால் குறையப்போவதில்லை, அதை நான்தான் பிந்தி விளங்கிக்கொண்டேன். உன்னை வைத்திருக்கிற அந்த ஊருக்கும், உன் பக்கத்து வீட்டுக்காரருக்கும், உனக்கு எழுத இடம் கொடுத்தவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாடகம் இங்கே இன்னும் இரண்டு கிழமை ஓடும். அந்தக் கடைசி வசனத்தை மாற்றி எழுதி அனுப்பு. அந்தப் பிள்ளை இனி ஒரு நாளும் ரீவீக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்க வேண்டியவள் குசினிக் கதவடியில் நிற்கிறாள். அவளை வெளியே வரச் சொல்லு, துர்க்கா நன்றாகச் செய்வாள். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கு எழுத வராவிட்டால் எனக்குப் போன் எடு, நான் சொல்லுகிறேன்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அம்மா
சந்திரவதனா இராஜரட்ணம்